நேத்து மத்தியானம் தூங்கினீங்களா?

என் மேசை இழுப்பறையில், சாக்பீஸ் துண்டுகளுக்கும் தீர்ந்துபோன பேனாக்களுக்கும் நடுவே, ஒரு புளியங்கொட்டை கிடக்கிறது. ஒரு பக்கம் கறுப்பு. மறுபக்கம் கல்லில் உரசி உரசி வெள்ளையாக்கியது. வீட்டில் தாயம் ஆடியவர்களுக்கு அது என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. சென்ற மாதம் விடைத்தாள் வாங்க வந்த மாணவி ஒருத்தி அதைப் பார்த்துவிட்டு, “ராசிக்காக வச்சிருக்கீங்களா மேடம்?” என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். கணினி அறிவியல் நடத்துகிற அம்மா ராசி பார்க்கிறார் என்று சாயங்காலத்துக்குள் டிபார்ட்மெண்ட் முழுக்கப் பரவிவிட்டது. உண்மையைச் சொல்வதைவிட எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது.

அந்தக் கொட்டையை உரசியவர் என் ஓர்ப்படி, என் கணவரின் அண்ணன் மனைவி. என்னைவிட இரண்டே வயது மூத்தவர். அதனால் எனக்கு அக்கா. குடவாசல் பக்கத்தில் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்தார். எனக்குத் தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் வேலை. ஸ்கூட்டியின் முன்பக்கம் தடுப்பூசிப் பெட்டியை வைத்துக்கொண்டு அவர் வாய்க்கால் வரப்போரம் போவதைப் பார்த்தால் ஏதோ அவசரத் தந்தி கொண்டுபோகிறவர் என்றுதான் தோன்றும். யார் வீட்டில் யாருக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது, யார் மாமியாருக்குத் தெரியாமல் மாத்திரையை அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்திருக்கிறாள், எந்த மருமகள் பிறந்த வீட்டுக்குப் போனது உண்மையில் எதற்காக என்று எல்லாமே அவருக்குத் தெரியும். ஒரு வார்த்தை வெளியே வராது. “அவ எதுக்கு உங்கள வந்து பாத்தா?” என்று யாராவது தூண்டில் போட்டால், “எதுக்கு வருவா, என் அழகப் பாக்கத்தான்” என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிவிடுவார்.

இன்னொரு விஷயமும் சொல்லிவிட வேண்டும். அக்கா பகலில் படுத்து நான் பார்த்ததே இல்லை. பொங்கல் விடுமுறையில் சாப்பிட்டு முடித்து மொத்தக் குடும்பமும் கூடத்தில் தலைக்கொரு பக்கம் உருண்டு கிடக்கும். அக்கா மட்டும் எதையாவது உலர்த்திக்கொண்டோ, பொறுக்கிக்கொண்டோ, மடித்துக்கொண்டோ இருப்பார். கொஞ்சம் படுங்களேன் என்றால், பகலில் தூங்கினால் தலை கனத்துப்போகும் என்பார். சுறுசுறுப்பான மனுஷி என்று நான் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் ஆராய்ச்சி என்ன என்று எங்கள் குடும்பத்தில் உருப்படியாகக் கேட்ட ஒரே ஆள் அவர்தான். இரண்டு பெரிய எண்களைப் பெருக்குவது எளிது. பெருக்கி வந்ததை மட்டும் கையில் கொடுத்து, எந்த இரண்டு எண்களைப் பெருக்கினேன் என்று கேட்டால் கணினியே திணறிப்போகும். அந்தத் திணறல்தான் பூட்டு. வங்கிக் கடவுச்சொல்லிலிருந்து ஆஸ்பத்திரிக் குறிப்புகள்வரை பலவும் அந்த மாதிரிக் கடினமான கணக்குகளின் தயவில்தான் பத்திரமாக இருக்கின்றன. இதையெல்லாம் அவருக்கு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே ஒரு நாள் சொன்னேன். கீரையை உருவியபடியே கேட்டுவிட்டு அக்கா சொன்னார்: “ஆக, யாருக்கும் போட வராத கணக்காப் பாத்துக் கண்டுபிடிச்சு, அதுக்குள்ள போயி ஒளிஞ்சுக்கறது. அதானே ஒன் வேல?” முனைவர் பட்டத்துக்கு நான் எழுதிய இருநூறு பக்கங்களை இதைவிடச் சுருக்கமாக இன்றுவரை யாரும் சொன்னதில்லை.

எங்கள் துறையில் ஒரு ரகசியத்தைத் தெரிந்துகொள்ள முயல்கிறவருக்கு ‘எதிராளி’ என்று பெயர். அவர் கெட்டவராக இருக்க வேண்டும் என்று இல்லை. அவருக்கு ஏற்கெனவே என்னென்ன தெரியும் என்று யோசித்துத்தான் எந்த நிரூபணத்தையும் தொடங்குவோம். இதையும் அக்காவுக்குச் சொல்லியிருந்தேன்.

பல வருஷங்களுக்கு முன்பு, சம்பா நடவு முடிந்திருந்த சமயத்தில், மகப்பேறு மருத்துவர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். அந்தப் பகுதிப் பெண்களில் எத்தனை பேர் வீட்டில் அடி வாங்குகிறார்கள் என்று அவருக்குத் தெரிய வேண்டும். தெரிந்தால்தான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதற்கென்று ஓர் அறையும் ஆளும் கேட்க முடியும். நேராகக் கேட்டால் ஒருத்தியும் சொல்ல மாட்டாள். பெயரை எடுத்துவிட்டு மற்ற விவரங்களை எழுதிக்கொண்டால் போதாதா என்றார். அக்காவிடம் கேட்டேன். சிரித்துவிட்டார். “வயசு முப்பத்திரண்டு, ரெட்டைப் புள்ளைங்க, தையல் மிஷின் இருக்குன்னு எழுதிட்டுப் பேர எடுத்துட்டா ஆச்சா? எங்க ஊர்ல கைக்குழந்தைகூட ஆளச் சொல்லிடும்.” பெயரை நீக்கினால் மட்டும் ஆள் மறைந்துவிடுவதில்லை என்று நான் வகுப்பில் ஒரு மணி நேரம் நடத்துகிற பாடம் அது.

அதற்கு எங்களிடம் ஒரு பழைய முறை உண்டு. மூடி போட்ட டப்பாவுக்குள் ஒரு நாணயம். அந்தப் பெண் தானே குலுக்கி, தான் மட்டும் திறந்து பார்க்க வேண்டும். தலை விழுந்தால் கேள்விக்கு உண்மையான பதில். பூ விழுந்தால், உண்மை எதுவானாலும் ‘ஆமாம்’. ஒருத்தி ஆமாம் என்றால் அது அவள் சொன்னதா, பூ சொல்லச் சொன்னதா என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் நூற்றுக்கணக்கான பேரிடம் கேட்டால், பாதிப் பேரின் ஆமாம்கள் நாணயத்தினுடையவை என்று கழித்துவிட்டு, மொத்தத்தில் எத்தனை பேர் என்று மட்டும் தெரிந்துகொள்ளலாம். தனி ஆள் மறைந்துபோவாள், ஊரின் நிலைமை தெரிந்துவிடும். எனக்கு மிகவும் பிடித்த முறை. கரும்பலகையில் நான்கே வரிகளில் நிரூபித்துவிடலாம்.

முதல் கிராமத்தில் நாற்பது பெண்களிடம் கேட்டோம். நாற்பது பேரும் ‘இல்லை’ என்றார்கள்.

நான் தாளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒருத்தியும் அடி வாங்காத புண்ணிய பூமியாக இருந்தால்கூட, பாதிப் பேருக்காவது பூ விழுந்து ஆமாம் வந்திருக்க வேண்டுமே. நாற்பது தடவையும் தலையே விழாது. நாணயத்தைச் சந்தேகப்பட்டு, அந்தக் கிராமத்துப் பால்வாடி வாசலில் உட்கார்ந்து அதைச் சுண்டிச் சுண்டிப் பார்த்தேன். அக்கா ஒரு டம்ளர் மோரைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

“காசுல ஒண்ணும் இல்ல. பூ விழுந்தாலும் அவளுங்க சொல்லலை” என்றார்.

“ஏன்க்கா? சும்மா சொல்றதுதானே? அது பொய்னு எல்லாருக்கும் தெரியுமே.”

“வீட்ல அரிசி தீந்துபோச்சுன்னா நீ என்ன சொல்லுவ?”

“நிறைஞ்சிருக்குன்னு.”

“படுக்கப் போறப்ப வெளக்க என்ன பண்ணுவ?”

“குளிர வைப்பேன்.”

“கெளம்பும்போது போறேன்னு சொல்லுவியா, போய்ட்டு வரேன்னு சொல்லுவியா? வாயில ஒரு கெட்ட வார்த்த வந்துடக் கூடாதுன்னு இருக்கறவள்ட்ட, அடிக்காத புருஷன அடிச்சான்னு சொல்லும்மான்னா, சொல்லுவாளா?”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நானும் அதே மண்ணில் பிறந்தவள்தான். என் வீட்டில் அரிசி தீர்ந்தால் நானும் நிறைந்திருக்கிறது என்றுதான் சொல்கிறேன். நான்கு வரி நிரூபணத்தில் அதற்கு இடம் வைக்க எனக்குத் தோன்றவில்லை. ஒரு அம்மாள் நாணயத்தோடு சண்டையே போட்டாராம். எங்க வீட்டுக்காரரைப் பற்றி இந்தக் காசுக்கு என்ன தெரியும் என்று டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். அதைச் சொல்லும்போது அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

வழியையும் அவர்தான் சொன்னார். பொய் சொல்லச் சொல்லாதே என்றார். வேறு ஒரு கேள்வியையும் சேர்த்துக் கொடு. காசு எந்தக் கேள்வியைக் காட்டுகிறதோ அதற்கு உண்மையையே சொல்லட்டும். ஆமாம் என்றால் அது உண்மையான ஆமாம்தான். எதற்கு ஆமாம் என்பது மட்டும் அவளுக்குத்தான் தெரியும். இந்த முறையும் எங்கள் துறையில் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் அக்கா அதை எந்தப் புத்தகத்திலும் பார்க்கவில்லை. பால்வாடி வாசலில், மோர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, தானாகவே வந்து சேர்ந்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டுவிட்டேன்.

இரண்டாவது கேள்வி என்ன? பிறந்த மாதம் என்று நான் சொன்னேன். எல்லார் பிறந்த மாதமும் என் பதிவேட்டிலேயே இருக்கிறதே என்றார். குழம்பில் புளி சேர்த்தீர்களா என்றால் அடுத்த வீட்டுக்காரிக்கு வாசனை தெரியும். யாருக்கும் தெரியாததாக, சொன்னால் தப்பில்லாததாக இருக்க வேண்டும். கடைசியில், “நேத்து மத்தியானம் தூங்கினீங்களான்னு கேப்போம்” என்றார். பொதுவாக எத்தனை பேர் தூங்குகிறார்கள் என்பதை வேறு ஊர்களில் நேராகவே கேட்டு வைத்துக்கொண்டால், கணக்கில் அதைக் கழித்துவிடலாம்.

நாணயமும் வேண்டாம் என்றார். எவர்சில்வர் டப்பாவில் அது போடுகிற சத்தத்துக்கு வீட்டில் உள்ளவர்கள் எல்லாரும் எட்டிப் பார்க்கிறார்கள். புளியங்கொட்டையாக இருந்தால், யார் கேட்டாலும் தாயம் ஆடுகிறோம் என்று சொல்லிக்கொள்ளலாம். வெள்ளை விழுந்தால் அடி பற்றிய கேள்வி, கறுப்பு விழுந்தால் தூக்கம் பற்றிய கேள்வி.

அடுத்த வாரம் ஒரு சனிக்கிழமை குடவாசலுக்குப் போனேன். சாப்பிட்டுவிட்டு, கொல்லையில் துணி துவைக்கிற கல்லுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து, நானும் அக்காவும் கொட்டை உரசினோம். பன்னிரண்டரைக்கு ஆரம்பித்து நாலு மணிவரை. உரசினால் கொட்டை சுடும். தண்ணீர் தொட்டுத் தொட்டு உரச வேண்டும். உரசிய பக்கம் தட்டையாகிவிடுவதால் அந்தப் பக்கம் அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறது, வெள்ளை குறைவாகத்தான் விழுகிறது என்று நான் ஒவ்வொன்றாகக் குலுக்கிக் குறித்துக்கொண்டேன். எவ்வளவு குறைவு என்று தெரிந்தால் கணக்கில் சரிசெய்துவிடலாம். விரல் நுனி எல்லாம் எரிந்தது. இரண்டு பேரும் சின்னப் பெண்களைப் போலச் சிரித்துக்கொண்டிருந்தோம். அவர் மகள் இரண்டு தடவை வந்து எங்களைப் பார்த்து முறைத்துவிட்டுப் போனாள். அண்ணன், அதாவது அக்காவின் கணவர், எங்களுக்கு இளநீர் வெட்டிக் கொண்டுவந்து கொடுத்தார். ஊரில் நல்ல பெயர் அவருக்கு. எந்தக் கல்யாணத்திலும் கடைசிப் பந்தி முடிகிறவரை நின்று பரிமாறுவார்.

அந்தக் கல்லடியில்தான் அக்காவிடம் சொன்னேன், இந்த முறையில் ஒரு ஓட்டை இருக்கிறது என்று. கேட்கிறவளுக்கு, எதிரில் இருப்பவள் நேற்றுத் தூங்கவில்லை என்பது முன்பே தெரிந்திருந்தால் கதை முடிந்தது. அப்போது வருகிற ஆமாம் ஒரே ஒரு கேள்விக்குத்தான் இருக்க முடியும். அதனால் கேட்கப் போகிறவர்கள் வெளியூர்ப் பெண்களாக இருக்க வேண்டும். அக்காவும் கேட்கக் கூடாது, நானும் கேட்கக் கூடாது. அக்கா உரசுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். “தெரிஞ்சவள்ட்ட சொன்னா மாட்டிக்குவோம். அதான?” அதேதான் என்றேன். மறுபடி உரச ஆரம்பித்தார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை. பத்து மணி பஸ்ஸுக்கு நான் கிளம்ப வேண்டும். கிளம்புவதற்கு முன் ஒத்திகை பார்த்துவிடுவோம் என்று அக்கா சொன்னார். தன்னை வைத்தே கேட்டுப் பார்க்கச் சொன்னார். அடுப்படியில் எதிரெதிரே உட்கார்ந்தோம். நான் கேள்விகள் இரண்டையும் தாளிலிருந்து படித்தேன். வீட்டில் உங்கள் மேல் கை நீட்டுகிறார்களா. நேற்று மத்தியானம் தூங்கினீர்களா. அக்கா டப்பாவைக் குலுக்கினார். மூடியை லேசாகத் தூக்கிப் பார்த்தார். மூடினார். என்னை நேராகப் பார்த்து, “ஆமாம்” என்றார்.

நான் தாளில் ‘ஆம்’ என்று எழுதினேன். எழுத்து அழகாக வந்திருக்கிறதா என்றுதான் பார்த்தேனே தவிர, அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

“இப்ப ஒனக்கு ஒண்ணும் தெரியாதுல்ல?” என்றார்.

“தெரியாதுக்கா. தெரிஞ்சுக்கவும் முடியாது. நிரூபிச்சே காட்டுவேன்.”

அக்கா டப்பாவை இன்னொரு தடவை குலுக்கி, கொட்டையை எடுத்து என் பைக்குள் போட்டார். போய்ட்டு வரேன் என்று சொல்லிக்கொண்டு கிளம்பினேன்.

பஸ் குடவாசலைத் தாண்டி ஆற்றுப் பாலத்தில் ஏறும்போது விரல் நுனி எரிந்தது. பார்த்தேன். தோல் உரிந்திருந்தது. நேற்று மத்தியானம் எங்கே தூங்கினார் அக்கா? பன்னிரண்டரையிலிருந்து நாலு மணிவரை என் எதிரில் அல்லவா இருந்தார்?

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். கறுப்பு விழுந்து, விளையாட்டுக்குப் பொய்யாக ஆமாம் சொல்லியிருக்கலாம் என்று ஒரு நிமிஷம் தேற்றிக்கொள்ளப் பார்த்தேன். பொய்யாக ஆமாம் சொல்ல மனசு வராத பெண்களுக்காகத்தானே அவர் இந்த வழியையே கண்டுபிடித்தார்? ஓட்டை எங்கே இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அதன் வழியாக என்னிடம் சொல்லியிருக்கிறார். புருஷனைப் பற்றி ஒரு வார்த்தை வாயில் வராமல் சொல்லியிருக்கிறார். கணினிகள் திணறுகிற கணக்கைத் தேடித் தேடிப் போய்க்கொண்டிருந்தவளுக்கு, இருபத்திரண்டு வருஷம் ஒரே குடும்பத்தில் இருந்த ஒருத்தியைத் தெரிந்துகொள்ளத் தெரியவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்தில் இருந்த அம்மாள் யாரோ தவறிப்போய்விட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு என் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் என் கணவரிடம், அக்கா இனி நம்மோடு இருக்கட்டும், அவர் மகள் இங்கே கல்லூரியில் சேரப் போகிறாள், துணைக்கு என்று சொல்லிக்கொள்ளலாம் என்றேன். ஏன் என்று கேட்பார், என்ன பதில் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. “மாடி ரூம நாளைக்கே காலி பண்ணிடறேன்” என்று மட்டும் சொன்னார். அவர் ஏன் கேட்கவில்லை என்பதை அப்புறம் பல வருஷங்கள் நான் யோசித்திருக்கிறேன். அதற்காக அவர்மேல் கோபப்பட்டும் இருக்கிறேன்.

அக்காவிடமும் நான் எதையும் கேட்கவில்லை. போன் செய்து, மாடி அறையின் சாவி இரண்டு இருக்கிறது, ஒன்று உங்களுக்கு என்றேன். அந்தப் பக்கமிருந்து, “கணக்குப் போட்டுட்டியா?” என்றார். போட்டுவிட்டேன் என்றேன். அண்ணன் முதலில் சத்தம் போட்டார், பிறகு ஆள்விட்டுப் பேசினார், அப்புறம் ஓய்ந்தார். அக்கா தஞ்சாவூர்ப் பக்கம் மாற்றல் வாங்கிக்கொண்டு, மகள் படிப்பு முடிகிறவரை என்று சொல்லித்தான் வந்தார். மகள் படிப்பை முடித்து, வேலைக்குப் போய், அவளுக்குக் கல்யாணமும் ஆகிவிட்டது. அக்கா ரிட்டயரும் ஆகிவிட்டார். மாடியில்தான் இருக்கிறார். கணக்கெடுப்பு நல்லபடியாக நடந்து அந்த மருத்துவருக்கு அவர் கேட்ட அறை கிடைத்தது. என்ன எண்ணிக்கை வந்தது என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை.

இதை எழுதி அக்காவிடம்தான் முதலில் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தார். தன்னைத் தந்திக்காரரோடு ஒப்பிட்டது பிடிக்கவில்லை என்றார். அப்புறம், அந்தக் கொட்டையை எடுத்து வரச் சொன்னார். ஒவ்வொரு விவரத்துக்கும் ஒரு தடவை குலுக்கு, வெள்ளை விழுந்தால் உள்ளபடி இருக்கட்டும், கறுப்பு விழுந்தால் மாற்றிவிடு என்றார். அப்படியே செய்தோம். ஆகவே இதில் வருகிற குடவாசல் குடவாசலாக இருக்கலாம், மன்னார்குடியாகவும் இருக்கலாம். ஓர்ப்படி வேறு உறவாக இருக்கலாம். எது எப்படி என்று எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் அவர் குலுக்க விடவில்லை. “மத்தியானத் தூக்கத்த மட்டும் மாத்தாத. அது அப்படியே இருக்கட்டும்.”

இப்போது மணி இரண்டு. கொட்டையைத் திரும்பக் கல்லூரி மேசை இழுப்பறைக்குக் கொண்டுபோவதற்காகக் கைப்பையில் எடுத்து வைத்துவிட்டு, அக்காவிடம் காப்பிப்பொடி கேட்கலாம் என்று மாடிக்குப் போனேன். கதவு ஒருக்களித்திருந்தது. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அக்கா சுவர்ப் பக்கம் திரும்பி, ஒரு கையைத் தலைக்கு வைத்துக்கொண்டு, வாயைக் கொஞ்சம் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். தலை கனத்துப்போகும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர் இப்போது தினமும் இரண்டு மணி நேரம் தூங்குகிறார். நான் சத்தம் போடாமல் இறங்கி வந்துவிட்டேன். நாளைக்கு அந்த டப்பாவை நீட்டி அதே இரண்டு கேள்விகளை நான் கேட்டால், கறுப்பு விழுந்து அக்கா ஆமாம் என்று சொல்லலாம். அதை வைத்து என்னால்கூட எதையும் கண்டுபிடிக்க முடியாது.